குப்பையைப் பிரியுங்கள், பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவர்கள் வருவார்கள். பச்சைக் கூடை, நீலக் கூடை, ஒரு ஃபிளெக்ஸ் பேனர், ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட பத்து தன்னார்வலர்கள், ஒரு கேமரா. “மக்கும் குப்பை எது? மக்காத குப்பை எது?” என்று கேட்பார்கள். பிள்ளைகள் கோரஸாகப் பதில் சொல்வார்கள். மைதானத்து மூலையில் ஒரு குழி வெட்டப்படும். நான்கு பிள்ளைகள் கையில் கூடையோடு படத்துக்கு நிற்பார்கள். அந்தப் படம் ஏதோ ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் அறிக்கையில் ஏறிவிடும். ஐப்பசி மழையில் குழி நிரம்பிக் கொசு வளர்க்கும். அடுத்த ஜூனில் வேறொரு குழு, வேறொரு பேனர்.

அந்த டி-ஷர்ட் போட்டவர்களில் உங்களில் பலரும் இருக்கிறீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். என்எஸ்எஸ் முகாம் என்று போகிறீர்கள், இன்டர்ன்ஷிப் என்று போகிறீர்கள், நல்ல எண்ணத்தோடுதான் போகிறீர்கள். உங்கள் எண்ணத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: எல்லா வண்டியும் ஏன் எங்கள் தெருவுக்கே வருகிறது?

கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு. குப்பை பிரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடமாக இவர்கள் கண்ணில் படுவது இவைதான். வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிக்குப் போய், “உங்கள் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் மிச்சச் சோற்றைக் கிளறட்டும்” என்று கேட்கிற தைரியம் எத்தனை பேருக்கு வருகிறது? அங்கே அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் மன்றம். விருப்பப்பட்ட பிள்ளை சேரலாம், கையுறை கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும். இங்கே அதற்குப் பெயர் நல்லொழுக்கம்.

குப்பை யாருடையது?

மத்திய அரசின் திடக்கழிவுக் கையேடு, நம் நகரங்களில் ஒருவர் ஒரு நாளைக்கு 200 கிராம் முதல் 600 கிராம் வரை குப்பை உண்டாக்குவதாகக் கணக்குச் சொல்கிறது. இந்த 200 யார், 600 யார் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாங்குகிறவன் வீட்டில்தான் குப்பை சேரும். ஆன்லைனில் வரும் அட்டைப்பெட்டி, குளிர்பானக் குப்பி, பாதி சாப்பிட்டு எறிந்த பிரியாணி டப்பா எல்லாம் எந்த வீட்டில் அதிகம்?

எங்கள் வீடுகளில் பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். அட்டை தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி. எல்லாவற்றுக்கும் காயலான் கடையில் தனித்தனி விலை. மீந்த சோறு ஆட்டுக்கோ கோழிக்கோ போகும். தரம்பிரித்தல் என்ற சொல் அரசாணையில் வருவதற்கு முன்பே எங்கள் பெண்கள் அதைச் செய்து வயிறு கழுவியவர்கள். தெருத்தெருவாகப் பொறுக்கியவர்கள் இல்லையென்றால் இந்த நகரத்தின் மறுசுழற்சித் தொழிலே கிடையாது. அவர்கள் பேரப்பிள்ளைக்கு முன்னால் பச்சைக் கூடையையும் நீலக் கூடையையும் வைத்து, “இது தெரியுமா கண்ணா?” என்று கேட்பது எவ்வளவு பெரிய கேலி!

சட்டம் என்ன சொன்னது என்றும் பார்ப்போம். அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000இல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. பிறகு 2016 ஏப்ரல் 8இல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. குப்பையை உண்டாக்குகிறவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது விதி. அதோடு நிற்கவில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள அடுக்குமாடி வளாகங்களும் நிறுவனங்களும் ஒரு வருடத்துக்குள் குப்பையைப் பிரித்தாக வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஒரு வருடம் 2017 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

உரக்குழி வெட்டும் கடமையைச் சட்டம் முதலில் யார் தலையில் வைத்தது, தோழர்களே? நீச்சல்குளமும் கிளப் ஹவுஸும் வைத்திருக்கிற வளாகத்தின் தலையில். அங்கே போய் பேனர் பிடித்தீர்களா? அவர்கள் வாசலில் காவலாளி நிற்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவரே அரைகுறை. இவர்கள் பாடம் எடுக்க வருகிற வழி அதுதான்.

கிடங்குகளின் முகவரி

சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையைக் கொட்டுகிறது. பல பத்தாண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. கொடுங்கையூர் கிடங்கைச் சுற்றி யார் வாழ்கிறார்கள் என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே 2022 ஏப்ரலில்தான் அந்தக் கிடங்கு நாள்கணக்கில் பற்றி எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் எளிய வேதியியல். சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் வாயு உண்டாகும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். எந்த வீட்டுச் சோறு அங்கே அழுகியது என்று புகைக்குத் தெரியாது, ஆனால் அந்தப் புகை யார் வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் முதலில் இறங்கும் என்று நமக்குத் தெரியும். இப்போது கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டும் என்கிறார்கள். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். ஒரு பக்கம் பள்ளியில் பிள்ளையிடம் “பிரி, பிரி” என்கிறது அரசு. மறுபக்கம் அந்தப் பிள்ளையின் வீட்டருகே எரிக்க உலை தேடுகிறது.

குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் குப்பை போடாதே என்று பாடம். குப்பையை அங்கே அனுப்பியவனுக்கு என்ன பாடம்?

கூடைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது

“இதில் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?” என்று உடனே கேட்பார்கள். நாங்கள் கொண்டுவரவில்லை, அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்பவர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது, 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவு, மலக்குழியில் நம் பங்கு எவ்வளவு என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடமும் இதற்கு விலக்கில்லை. 2015இல் நாமக்கல்லில் இரண்டாம் வகுப்புத் தலித் சிறுவனை மலத்தை அள்ள வைத்ததாக ஓர் ஆசிரியை கைதானார். 2022 இறுதியில் பெருந்துறை அருகே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். அதில் ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு விஷயமே தெரிந்தது. 2023 டிசம்பரில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளி மாணவர்களைக் கழிவுத்தொட்டிக்குள் இறக்கியதாக முதல்வரும் ஆசிரியரும் கைதானார்கள். இவை வெளியே வந்தவை. சொல்லாமல் விழுங்கியவை எத்தனை?

ஆகவே ஒரு வாத்தியார் “யாருப்பா கூடை தூக்க வர்றீங்க?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்கும்போது, அவர் கண் எந்தப் பெஞ்சில் போய் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பார்வையை எங்கள் பிள்ளைகள் ஆறு வயதிலேயே படித்துவிடுவார்கள்.

1936ஐ நினைத்துப் பாருங்கள். அந்த நவம்பரில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் லட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். கழிப்பறை கட்டும் முறை முதல் கழிவை உரமாக்குவது வரை எல்லாம் அறிந்தவராக அவர் இருக்க வேண்டுமாம். மரியாதை எல்லாம் உண்டு, வேலையிலிருந்து விடுதலை மட்டும் கிடையாது. அதே வருடம் மே மாதம் அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையை அச்சிட்டு வெளியிட்டிருந்தார். வேலையைப் பங்கு போடுவது வேறு, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிறப்பால் அடுக்கி வைப்பது வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். 1945இல் காங்கிரசும் காந்தியும் நமக்குச் செய்தது என்ன என்று எழுதிய நூலில், தோட்டி வேலைக்குப் புனிதம் பூசும் அந்தப் பேச்சைத் தோலுரித்தார்.

2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா தொடங்கியபோது பிரதமர் துடைப்பம் பிடித்த இடம் எது? டெல்லி வால்மீகி குடியிருப்பு. நாடு முழுக்கக் கூட்டுகிறவர்கள் வாழும் தெருவுக்குப் போய்க் கூட்டிக் காட்டினார்கள். வண்டி எங்கள் தெருவுக்கே வருகிறது என்று சொன்னேனே, அது இன்று கிளம்பிய வண்டி இல்லை.

“ஜப்பானைப் பாருங்கள்”

இதைச் சொன்னால் ஜப்பான் உதாரணம் வரும். அங்கே எல்லாப் பிள்ளைகளும் பள்ளியைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வறட்டுக் கௌரவம் என்பார்கள். அந்த வாக்கியத்தில் ‘எல்லாப் பிள்ளைகளும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அங்கே டாக்டர் பிள்ளையும் கூட்டும், கடைக்காரர் பிள்ளையும் கூட்டும். கூட்டிய பிள்ளையை யாரும் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. இங்கே துடைப்பம் பிடித்த கை வகுப்புக்குள் திரும்பி வரும்போது பக்கத்துப் பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைக்கிறது. ஜப்பான் மாதிரி வேண்டும் என்கிறவர்கள் முதலில் தங்கள் பிள்ளையின் சிபிஎஸ்இ பள்ளியில் அதைத் தொடங்கட்டும். தொடங்கிய பிறகு எங்களைக் கூப்பிடட்டும், நாங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறோம்.

அப்படியானால் உரக்குழியே வேண்டாமா?

இங்கேதான் நம் தோழர்கள் சிலரோடும் நான் முரண்படுகிறேன். “நம் பிள்ளை குப்பை பக்கமே போகக்கூடாது” என்கிறார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். “எங்க கையோட போவட்டும், எம் புள்ள பேனா புடிக்கட்டும்” என்று எத்தனை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அது வெறும் ஆசை இல்லை, ஓர் அரசியல் தீர்மானம். எந்தத் தன்னார்வலரும் அதை ‘விழிப்புணர்வு இல்லாமை’ என்று குறிப்பெழுதக் கூடாது.

ஆனாலும் கேளுங்கள். உரம் ஆவது ஓர் அறிவியல். சோறு, காய்த்தோல், பழத்தோல் நைட்ரஜன் தரும். சருகு, அட்டை, மரத்தூள் கார்பன் தரும். கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்ற கணக்கில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். நடைமுறையில் ஒரு கூடை ஈரக்குப்பைக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு. பிழிந்த துணி அளவுக்கு ஈரம். வாரம் ஒருமுறை கிளறினால் காற்று போகும், நாற்றம் வராது. சரியாகப் போட்ட குவியலின் நடுவே வெப்பமானி வைத்தால் 55 டிகிரிக்கு மேல் காட்டும். அடுப்பில்லாமல் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குள் உயிரியல், வேதியியல், கணக்கு மூன்றும் இருக்கின்றன. மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கையில் வரும்.

நம் பள்ளிகளில் அதற்கான பொருளும் இருக்கிறது. 300 பிள்ளைகள் சத்துணவு சாப்பிடும் பள்ளியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 முட்டை ஓடு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம், அதன் தோல். காலை உணவும் வந்துவிட்டது. காய்கறி நறுக்கிய மிச்சம் தினமும் உண்டு. பூவரசும் வேம்பும் உதிர்த்த சருகை இன்று வாசலில் கொளுத்துகிறோம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் அடைக்கப்பட்ட பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. நகரத்தின் நடுவே ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்தவர்களைப் பிடுங்கிச் சதுப்பில் நட்டார்கள். அந்தப் பிள்ளை தான் செய்த உரத்தில் ஒரு கத்தரிச் செடி வளர்ப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்? மண்ணும் அறிவியலும் அதன் உரிமை. கல்வியாக வந்தால் வாங்கிக்கொள்வோம். குலத்தொழிலுக்கு ஒத்திகையாக வந்தால் கூடையைத் திருப்பி அனுப்புவோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? நான் வைக்கும் நிபந்தனைகள் இவை:

1. பள்ளி உரக்குழி பாடவேளையில், அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் நடக்க வேண்டும். வெப்பநிலை, எடை, நாள் எல்லாம் பிள்ளைகள் நோட்டில் ஏற வேண்டும். நோட்டு இல்லாத குழி வெறும் வேலை.

2. முறை வைத்தால் எல்லாப் பிள்ளைகள் பெயரும், ஆணும் பெண்ணும், ஆசிரியர்கள் பெயரும், தலைமையாசிரியர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும். தண்டனையாக ஒருநாளும் கூடை கொடுக்கக் கூடாது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது.

3. பிள்ளைகள் தொடக்கூடியது சமையலறைக் காய்கறிக் கழிவும் சருகும் மட்டும். கழிப்பறை, நாப்கின், உடைந்த கண்ணாடி, தெருக்குப்பை பக்கம் ஒரு பிள்ளையும் போகக் கூடாது. அதற்குச் சம்பளம் வாங்கும் ஊழியரும் கருவியும் அரசு தர வேண்டும்.

4. கையுறை, மண்வெட்டி, மூடியுள்ள தொட்டி, கைகழுவச் சோப்பு, குழாயில் தண்ணீர். இவை வந்த பிறகு கூடை வரட்டும்.

5. உரம் பள்ளியின் சொத்து. பள்ளித் தோட்டத்துக்குப் போக வேண்டும். விற்றால் அந்தக் கணக்கு பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வர வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். பெற்றோர் கேட்கட்டும், பெற்றோர் முடிவெடுக்கட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

6. குப்பையோடு நிற்கும் பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமானால் செடியைப் படம் எடுங்கள்.

7. ஒரு குடிசைப்பகுதிப் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு அமைப்பும் அதே திட்டத்தை ஒரு தனியார் பள்ளியிலும் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்திலும் அதே வருடம் நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் அந்த அமைப்போடு போகாதீர்கள்.

பிரித்த குப்பை எங்கே போகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை கவனமாக மூன்றாகப் பிரித்து வைத்த குப்பையைத் தெருமுனையில் ஒரே லாரியில் கொட்டி அமுக்கினால், அன்று அது கற்ற பாடம் என்ன? பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்ற பாடம். வண்டியைக் கேள்வி கேட்க வேண்டியது வண்டி இழுக்கும் அக்காவை இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவரை, எடைக்குக் கூலி தருகிறவரை, பிரித்து வாங்கிப் பதப்படுத்த இடம் தராதவரை.

அந்த அக்காக்களை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் நம் மக்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. பிறகு காலை உணவு தருகிறோம் என்று அறிவித்தார்கள். நிரந்தர வேலை கேட்டவர்களுக்கு டிபன்!

உரக்குழிப் பாடத்தில் இதையும் சேருங்கள். கையுறையும் காலணியும் முகக்கவசமும் மழைக்கோட்டும் தூய்மைப் பணியாளருக்குத் தர வேண்டும் என்று அதே 2016 விதிகளில் எழுதியிருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகுதியில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் ஒருவரை, ஒரு மணிநேரத்துக்கு உரிய கௌரவ ஊதியம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். குப்பை பற்றி இந்த நகரத்தில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் யார்? குப்பையைப் பற்றிப் பேசிவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாத பாடம் பாதிப் பாடம். அந்தப் பாதி எப்போதும் மேல்சாதிக்கு வசதியான பாதி.

உங்களுக்கு வேலை இருக்கிறது

மாணவத் தோழர்களே, வேலையை உங்கள் விடுதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கல்லூரி மெஸ்ஸில் மிஞ்சும் சோறு எங்கே போகிறது, அதை யார் தூக்குகிறார், அவருக்கு மாதம் எவ்வளவு என்று விசாரியுங்கள். உங்கள் கல்லூரியில் உரத்தொட்டி இருக்கிறதா என்று முதல்வரைக் கேளுங்கள். உங்கள் வார்டில் எத்தனை வளாகங்களும் ஓட்டல்களும் திருமண மண்டபங்களும் தங்கள் குப்பையைத் தாங்களே கையாள்கின்றன, எத்தனைக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவழித்து மனுப் போடுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரைக் கூட்டிப் போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், அவர்கள் பேசட்டும்.

அடுத்த ஜூனில் பேனரோடு வண்டி வரும். அதில் ஏறுவதற்கு முன் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்: முதல் நிறுத்தம் எங்கே? அண்ணா நகரா, அடையாறா, போட் கிளப்பா? இல்லை, நேராகக் கண்ணகி நகர்தானா?

நேராகக் கண்ணகி நகர்தான் என்றால் ஏறாதீர்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு.

ஜெய்பீம்.